மூன்றாவது ஃபிரேமில் அசைந்தவர்

போன மாதம் உங்கள் இருட்டறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். ஏசி இருந்தது, கண்ணை உறுத்தாத சிவப்பு விளக்கு இருந்தது, மூலையில் காபி மெஷின்கூட இருந்தது. எல்லாம் சரி. ஆனால் ரோலைக் கழுவி எடுத்ததும் ஆளாளுக்கு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அதில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து, "சூப்பரா வந்திருக்கு சார்" என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விருந்தாளியாகப் போன இடம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நெகட்டிவ் சரியாகக் கழுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர் முதலில் படத்தைப் பார்க்கக் கூடாது. ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஃபிலிமின் விளிம்பில் எண்களும் கம்பெனி எழுத்துகளும் வருகின்றன அல்லவா, அவை தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பப்படுபவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவை நல்ல கறுப்பாக, விளிம்பு தெளிவாக வந்திருந்தால் கழுவியவர் மேல் தப்பில்லை. வெளிறியிருந்தால் கழுவும் மருந்து செத்துவிட்டது, அல்லது கழுவியவர் அவசரப்பட்டுவிட்டார். எழுத்து கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் எடுத்தவரைப் போய்ப் பிடியுங்கள். ஒரு கல்யாண ரோல் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்து, பெண் வீட்டார் என் சட்டையைப் பிடிக்க வந்தபோது, ஓரத்து எண்களைக் காட்டித்தான் தப்பித்தேன். எடுத்த மகராசன் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை.

அடுத்தது, இருட்டான இடங்கள். கறுப்புச் சட்டையின் மடிப்பு, நாற்காலியின் அடி. அங்கே ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பது எடுத்தவருக்கான பரீட்சை. கடைசியாக வெள்ளை. வேட்டி, நரைமுடி, திருநீறு. நெகட்டிவில் இவைதான் கறுத்துக் கிடக்கும். அதை ஒரு செய்தித்தாளின் மேல் வைத்து, அந்தக் கறுப்பின் வழியாக அச்செழுத்து மங்கலாகவாவது படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அளவாகக் கழுவியிருக்கிறது. எழுத்தே தெரியாமல் அடைத்துக்கொண்டால் அதிகமாகக் கழுவிவிட்டீர்கள். அவ்வளவுதான் வித்தை. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

இதையெல்லாம் நீங்கள் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நெகட்டிவ் எல்லாப் பரீட்சையிலும் தேறிய பிறகும் அதில் நடக்கக் கூடாதது ஒன்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் ஸ்டூடியோ மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நானும் ஸ்டீபனும் கூட்டாளிகள். அவன் சாந்தோம்காரன், வெளியே போய் எடுப்பது அவன், உள்ளே கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் நான். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை என் சட்டையை விட்டுப் போனதே இல்லை, விரல் நகமெல்லாம் பழுப்பு. கலர் லேப்கள் தெருவுக்குத் தெரு வந்திருந்தன. எங்களிடம் கறுப்பு வெள்ளைக்கு வந்தவை ஹால் டிக்கெட் போட்டோ, பத்திரிகைக்குக் கொடுக்கிற படம், அப்புறம் சாவுப் படம்.

சாவுப் படம் உங்களில் பலருக்குத் தெரியாது. இறந்தவரைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நிற்க ஒரு படம் எடுப்பார்கள். உயிரோடிருந்தபோது படமே எடுத்துக்கொள்ளாதவர்கள் அப்போது நிறையப் பேர். மறுநாள் பேப்பரில் கண்ணீர் அஞ்சலி போடவும் சுவரில் மாட்டவும் அந்த ஒரு படம்தான். பிரிண்டில் மூடிய இமைகளின் மேல் மெல்லிய தூரிகையால் விழிகளை வரைந்து கண்ணைத் திறந்துவிடுவது என் வேலை. திறந்த பிறகு அந்த முகம் என்னையே பார்க்கும். பல வருஷம் செய்தும் அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பழகவில்லை.

ஸ்டீபன் சாவு வீட்டில் ஃப்ளாஷ் அடிக்க மாட்டான். இறந்தவர் முகத்தில் ஃப்ளாஷ் பட்டால் எண்ணெய் பூசிய மாதிரி மின்னும், பார்க்கச் சகிக்காது. ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்தி, ஸ்டாண்டில் கேமராவை வைத்து, எல்லாரையும் மூச்சை அடக்கச் சொல்லி, ஷட்டரை நின்று நிதானமாகத் திறந்து மூடுவான். அப்படி எடுத்தால் உயிரோடிருப்பவர்கள் லேசாக அசைந்து மங்கிவிடுவார்கள். இறந்தவர் ஒருவர் மட்டும் கத்தி மாதிரித் தெளிவாக வருவார். கூட்டத்தில் யார் போய்விட்டார் என்று நெகட்டிவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதுண்டு.

அன்று மதியம் ஸ்டீபன் ஸ்கூட்டரை நிறுத்தாமலேயே ஒரு ரோலை என் கையில் திணித்தான். மந்தைவெளியில் அரிசி மண்டி வைத்திருந்த பெரியவர் காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றான்.

"மூணுதான் எடுத்தேன் நைனா. பேப்பர்ல போட சாயங்காலத்துக்குள்ள தலை மட்டும் பிரிண்ட் வோணுமாம். நாலு மணிக்கு பாடிய எடுத்துடுவாங்க. நான் தி.நகர் போறேன், ஒரு நிச்சயதார்த்தம் கீது."

போய்விட்டான். செல்போன் இல்லாத காலம், தி.நகரில் எந்த மண்டபம் என்றுகூடச் சொல்லவில்லை.

கழுவினேன். சொன்னால் பெருமையடிப்பதாக நினைக்காதீர்கள், அன்று மருந்து புதிது, தண்ணீரில் ஐஸ் போட்டுச் சூட்டை அளவாக வைத்திருந்தேன். எடுத்துத் தொங்கவிட்டதும் ஓரம் பார்த்தேன். எண்கள் அச்சடித்த மாதிரி நின்றன. நாற்காலிக்கு அடியில் இருட்டில்கூடத் தரை தெரிந்தது. நீர் வடிந்ததும் பேப்பர் மேல் வைத்துப் பார்த்தேன். வேட்டியின் வழியே எழுத்தை மங்கலாகப் படிக்க முடிந்தது. திருப்தியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்து முகங்களைப் பார்த்தேன்.

முதல் ஃபிரேமில் பெரியவர் நடுவில். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ்தானே, சுற்றி நின்ற மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் கறுத்த முகம், வெளுத்த தலைமுடி. பெரியவர் தலை தோளில் சாய்ந்து சரிந்திருந்தது. எல்லாம் தெளிவு.

இரண்டாவதில் அவர் தலை நிமிர்ந்திருந்தது.

யாரோ நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அதில் அதிசயம் இல்லை. ஆனால் காதின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. மூன்றாவதுக்கு நகர்த்தினேன். மகன்கள் தெளிவாக இருந்தார்கள். ஸ்டீபன் நன்றாக மிரட்டியிருக்க வேண்டும், முன்னால் உட்கார்ந்திருந்த சின்னக் குழந்தைகூட அசையவில்லை. சுவரில் காலண்டர் எழுத்தைப் படிக்க முடிந்தது. மேலே ஃபேன் இறக்கைகள் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பெரியவர் முகம் மட்டும் கலங்கியிருந்தது. மூக்கு எது, மீசை எது என்று பிரிக்க முடியவில்லை. மார்பில் இருந்த மாலையில் பூ பூவாகத் தெரிய வேண்டியது, மேலும் கீழுமாகத் தேய்ந்து ஒரே பட்டையாக இருந்தது.

இருட்டறையில் எனக்குப் பயம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். வெளியே பட்டப்பகல், காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போகிறான். நெகட்டிவைக் கறுப்புத் துணிக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். ஒரு கோணத்தில் அது மங்கலாகப் பாசிட்டிவாகத் திரும்பும், அப்போது முகம் முகமாகத் தெரியும். திரும்பியது. எல்லாரும் சாவு வீட்டு முகத்தோடு கல் மாதிரி நிற்க, நடுவில் அந்த ஒருவர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கழுவியதில் ஏதோ கோளாறு என்று உதறிவிட்டு முதல் ஃபிரேமைப் பிரிண்ட் போடப் போவீர்கள். என் மனமும் அதைத்தான் சொன்னது. ஆனால் கழுவுகிறவருக்குத் தெரியும்: காற்றுக்குமிழி நின்றால் வட்டப் புள்ளி விழும், ஃபிலிம் ஒட்டிக்கொண்டால் திட்டு விழும், மருந்து சரியாக ஓடாவிட்டால் கோடு விழும். எந்தக் கோளாறும் பத்துப் பேர் நடுவில் ஒருவரை மட்டும் பிடித்து அசைக்காது. கேமரா ஆடியிருந்தால் காலண்டரும் ஆடியிருக்க வேண்டும். அந்த நெகட்டிவ் பொய் சொல்லவில்லை. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அந்த உடம்பு அசைந்தது.

பின்னால் யாராவது பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம் என்றும் யோசித்தேன். நாற்காலிக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலும் தலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மங்கல் இருந்தது. ஆனால் விரல் எதுவும் தெரியவில்லை. ஸ்டீபன் எப்போதும் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவான். பிணத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று தலையைப் பிடிக்க எந்த வீட்டிலும் ஆள் கிடைத்ததில்லை. எல்லாரும் படத்தில் விழத்தான் ஆசைப்படுவார்கள். போர்வைக்குப் பின்னால் சுவரா கதவா என்பதும் தெரியவில்லை.

ரோல் டப்பாவில் ஸ்டீபன் குறித்திருந்த நம்பரில் அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். என்கேஜ்டு. மறுபடி செய்தேன், மறுபடி என்கேஜ்டு. சாவு வீட்டில் போன் அப்படித்தான் இருக்கும். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நாலு மணிக்கு எடுத்துவிட்டால் அப்புறம் நெருப்பு. நெகட்டிவை ஒரு கவரில் போட்டு, கடையைப் பூட்டி, சைக்கிளில் ஏறினேன். யாராவது பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர்கள் சொல்லிவிட வேண்டும், நான் முட்டாளாகத் திரும்பிவர வேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டே மிதித்தேன்.

தெருமுனையிலேயே மேளச் சத்தம். பூப்பல்லக்கு தயாராகிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே நின்ற பெண்கள் வேறு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்கு வசந்தா என்று ஒரே பெண்ணாம். வேதக்காரப் பையனை, அதாவது ஒரு கிறிஸ்தவனை, கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவளை வாசற்படி ஏறவிடவில்லையாம். காலையில் சேதி கேட்டு ஓடிவந்தவளை அண்ணன்மார் உள்ளே விடவில்லை, பல்லக்கு தெருவுக்கு வரும்போது முகத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

கூடத்தில் பெரியவரை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அதே மாலை. நான் அவர் மார்பையே பார்த்தேன். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், எந்த மார்பையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஏறி இறங்குவது மாதிரித்தான் தெரியும். பூ அசைந்தது. ஃபேன் காற்றா என்று மேலே பார்த்தேன், ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி கீழே பார்க்கப் பயமாக இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் இருப்பதிலேயே பெரிய தப்பு, சத்தமாகச் சொல்வது. "உயிர் இருக்கு" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் அந்த வீடு என்ன ஆகும்? இல்லை என்று ஆகிவிட்டால் ஒரே நாளில் அவர் இரண்டு தடவை சாக வேண்டும். அதனால் மூத்த மகன் குமரேசனை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். அவன் கண்ணெல்லாம் சிவந்து, குரல் கட்டிப்போயிருந்தான். பேப்பருக்குப் படம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினான்.

"படம் எடுக்கறப்போ அப்பா பின்னால யாராவது புடிச்சிக்கினு இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லியே. எல்லாரும் முன்னாலதான நின்னோம்."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"இன்னா சார் யோசிக்கிறது? ஊட்டு ஆளுங்க மொத்தமும் படத்துல கீது. எண்ணிப் பாரு."

அவன் பொய் சொல்லவில்லை, அந்த முகத்தில் பொய்க்கு இடமே இல்லை. படத்தில் ஏதோ அசைவு தெரிகிறது, எதற்கும் டாக்டரை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியாது. நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் ஒரு மகன் பார்க்கிற பார்வை அது. மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். எதிர்வீட்டிலேயே இருந்த லேடி டாக்டர், காலையில் பார்த்துச் சொன்னவர், மறுபடி வந்தார்.

மேளம் நின்றதும் அழுகையும் நின்றுவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை. டாக்டர் மாலையை ஒதுக்கி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அத்தனை பேர் நிறைந்த வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. குமரேசன் அப்பாவின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார், இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். அவர் அவசரப்படவே இல்லை, அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

கடைசியில் குமரேசனின் தோளைத் தொட்டு, "இல்லப்பா. காலம்பறயே போயிட்டார். சந்தேகமே வேண்டாம்" என்றார்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காலையில் அழுததைவிட இப்போது அதிகமாக அழுதான் என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கோ பயம் குறையவில்லை, கூடியது. உயிர் இல்லை, பிடித்தவர்களும் இல்லை. அப்படியானால் என் பையில் இருக்கிற நெகட்டிவில் அசைந்தது என்ன?

அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன். கூடத்தின் ஓரத்தில், படம் எடுத்த இடத்திலேயே அது இருந்தது. பின்னால் போர்வையும் அப்படியே தொங்கியது. போர்வைக்குப் பின்னால் சுவர் இல்லை, உள்ளறைக்குப் போகிற வாசற்படி. அந்தப் போர்வை லேசாக அசைந்தது. ஃபேன் காற்று அந்த மூலைக்கு எட்டாது. என் பார்வை தானாகக் கீழே இறங்கியது. போர்வையின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே இரண்டு பாதங்கள் தெரிந்தன. தெருப் புழுதி படிந்த, செருப்பில்லாத, ஒரு பெண்ணின் பாதங்கள்.

நான் கத்தவில்லை. கத்தியிருப்பேன். அதற்குள் போர்வைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாவைப் பார்த்துவிட்டேன். பெரியவரின் தங்கை என்று பிறகு தெரிந்தது. அவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். ஒரு அடி நகர்ந்து தன் புடவையால் அந்தப் பாதங்களை மறைத்துக்கொண்டு, என்னை நோக்கி மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிற ஆட்டல். அந்த ஒரு நொடியில், வாசலில் காதில் விழுந்த கதை முழுக்க என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

குமரேசன் எழுந்து வந்தான். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது, நியாயமான கோபம்.

"இன்னா பாத்த நீ? சொல்லு. எங்கப்பன் சாவுல வந்து இன்னா வெளயாட்டு இது?"

கவர் என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டி, இதோ பாருங்கள் என் வேலையில் தப்பில்லை, உங்கள் தங்கைதான் போர்வைக்குப் பின்னால் நிற்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பெயர் பிழைக்கும். அவளை அந்த நிமிஷமே இழுத்து வெளியே தள்ளுவார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை நடக்கும். அவள் அப்பாவிடமிருந்து ஒரு போர்வை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பல்லக்கு கிளம்பும்வரை அந்த இடம் அவளுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது என் வாயில் இருந்தது.

"கழுவினதுல கோளாறுங்க. மருந்து சரியில்ல. என் தப்புதான்" என்றேன்.

அவன் கையை ஓங்கிவிட்டான். டாக்டர்தான் தடுத்தார். மற்ற மகன்கள் பேசியதை நான் எழுதப்போவதில்லை. அந்த நிலைமையில் நானும் அதைத்தான் பேசியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். மேளம் மறுபடி தொடங்கியது.

பந்தல் முனைவரை அந்த அம்மா பின்னாலேயே வந்தார். படம் எடுக்கும்போது துண்டு நழுவித் தலை சரிந்ததாம். யாராவது பின்னால் பிடியுங்கள் என்று ஸ்டீபன் கேட்டபோது ஒருவரும் நகரவில்லையாம். துண்டை நானே இறுக்கிவிடுகிறேன் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, இந்த அம்மா பின்கட்டு வழியாகப் போய், சந்தில் நின்ற வசந்தாவைக் கூட்டிவந்து போர்வைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தானும் முன்னால் வந்து நின்றிருக்கிறார். முன்னால் கேமராவைப் பார்த்து நின்ற யாருக்கும் தெரியாது. ஸ்டீபனுக்கும் யாரோ பிடித்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு அவளைப் போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம்.

"நல்லா இருப்ப நைனா" என்றார்.

சாயங்காலம் முதல் ஃபிரேமிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, சாய்ந்த தலையை பிரிண்டில் நேராக்கி, கண்ணைத் திறந்து பேப்பருக்குக் கொடுத்தோம். உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்களாம். சுவரில் மாட்டவும் அதே முதல் ஃபிரேம்தான் போனது. ஆனால் மந்தைவெளி, மயிலாப்பூர் முழுக்க நான் மருந்து கலக்கத் தெரியாதவன், செத்தவனைப் பிழைக்க வைக்கப் போனவன் என்று பேச்சு பரவிவிட்டது. கொஞ்ச நாள் சாவுப் படத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஸ்டீபனிடம் உண்மையைச் சொன்னேன். அவன், சைக்கிளில் போனாயே, பஸ்ஸில் போயிருந்தால் லேட்டாகியிருக்கும், நிம்மதியாக இருந்திருக்கலாம் என்றான். அவன் கிண்டல் அப்படித்தான். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் கழுவியதிலேயே குறை சொல்ல முடியாத ரோல் அது, அதைத்தான் கெட்டுப்போனது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் வசந்தா ஸ்டூடியோவுக்கு வந்தாள். யார் என்று அவள் சொல்வதற்கு முன்பே என் கண் அவள் பாதத்துக்குத்தான் போனது. அத்தை சொன்னார்கள், அந்த ஃபிலிமைப் பார்க்க வேண்டும் என்றாள். விளக்குப் பெட்டியின் மேல் நெகட்டிவை வைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்து, அப்பாவைக் காட்டினேன். முதல் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுதான் அண்ணன் ஊட்ல மாட்டிக்கிறது?"

ஆமாம் என்றேன். மூன்றாவதைக் காட்டினேன். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நீங்கள் பிடித்திருந்தீர்களே அதனால்தான் என்றேன்.

"மூச்சு வுடாதீங்கன்னு அந்த போட்டோக்காரரு கத்தினாரு. நானும் அடக்கித்தான் பார்த்தேன் சார். எத்தினி வருசம் கழிச்சி அவரைத் தொடறேன். போர்வையோட சேத்து தலையைப் புடிச்சிக்கினு அவரு பின்னந்தலையில என் நெத்திய வச்சிட்டேன். அதுக்கப்புறம் முடியல."

சொல்லிவிட்டு அழாமல் நின்றாள். எனக்குத்தான் முடியவில்லை. ஹைப்போ தொட்டியை எட்டிப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். இருட்டறையில் அந்த மதியம் என்னைப் பயமுறுத்திய நடுக்கம் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்தது அவள் அழுததை.

அந்த மூன்றாவதுதான் வேண்டும் என்றாள். முகம் தெரியாதே அம்மா என்றேன்.

"அவரு மூஞ்சி எனக்குத் தெரியும். இதுல நான் கீறேன் இல்ல?"

"இருக்கீங்கம்மா. தேய்ஞ்ச மாதிரி இருக்குது பாருங்க, அது பூரா நீங்கதான்."

அவள் குனிந்து, அந்தக் கலங்கிய இடத்தின் மேல் விரலை வைத்தாள். நெகட்டிவின் மேல் விரல் படக் கூடாது. பட்டால் ரேகை ஒட்டிக்கொள்ளும், பெரிதாக்கும்போது கோடு கோடாக விழும். அந்தத் தப்புக்காக எத்தனையோ பேரை நான் திட்டியிருக்கிறேன். அன்று அவளாக எடுக்கும்வரை காத்திருந்தேன். பிறகு துடைக்காமல், அப்படியே வைத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.